விரல் மடங்கினால் முழங்கையைப் பாருங்கள்

கேள்வி: பெஞ்சு முனையில் இடித்துக்கொள்வது முழங்கை. 'விர்' என்று ஷாக் அடிப்பது சுண்டுவிரலில். இவை இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?
(கல்லூரி மாணவி, பொத்தேரி)

பதில்: இரண்டுக்கும் நரம்பு ஒன்றுதான். கழுத்திலிருந்து கிளம்பும் அல்நார் நரம்பு மேற்கை வழியாக இறங்கி, முழங்கையின் உட்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முண்டுக்குப் பின்னால் ஒரு சிறு பள்ளத்தில் புகுந்து முன்கைக்குப் போகிறது. அந்த இடத்தில் அதை மூடத் தசையோ கொழுப்போ பெரிதாக இல்லை. தோலுக்கு மேலேயே விரலால் உருட்டிப் பார்க்கலாம். சுண்டுவிரலின் உணர்ச்சியையும் மோதிர விரலில் பாதியின் உணர்ச்சியையும் சுமந்து செல்வது அந்த நரம்புதான். வழியில் எங்கே அடிபட்டாலும் செய்தி விரலிலிருந்து வந்ததாகவே மூளை எடுத்துக்கொள்ளும். இந்தச் சின்ன ஷாக்கை அற்பமாக நினைக்காதீர்கள். கையின் முக்கியமான நரம்பு ஒன்று காவலில்லாமல் கிடக்கும் இடத்தை அது காட்டிக்கொடுக்கிறது. கையின் விதி பல சமயம் அந்த இடத்தில்தான் முடிவாகிறது. அதற்கான சான்று உங்கள் ஊரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் வரும் செங்கல்பட்டில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் ஊரில் கல் செதுக்குகிறவர்களுக்கு முன்கைதான் முறுக்கேறி இருக்கிறது. உளியைப் பிடிப்பது விரல்தானே?
(வாசகர், மாமல்லபுரம்)

பதில்: விரலுக்குள் அதை மடக்கவோ நீட்டவோ தசை ஒன்றுகூடக் கிடையாது. முன்கையில் ஏறத்தாழ 20 தசைகள் இருக்கின்றன. அவற்றில் பல, மணிக்கட்டைத் தாண்டித் தசைநாண்களாக நீண்டு விரல் எலும்புகளைப் பற்றுகின்றன. சைக்கிள் பிரேக்கைப் போல, இழுப்பது ஓரிடம், பிடிப்பது வேறிடம். ஒரு கையால் மற்ற முன்கையைப் பற்றிக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள். உள்ளே தசை புரள்வது தெரியும். ஆனால் முரட்டுப் பிடி மட்டும் இருந்தால் உளியை நிதானமாக நிறுத்த முடியாது. உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகள் விரலின் அடிமூட்டை மடக்கிக்கொண்டே நுனி மூட்டுகளை நீட்டுகின்றன. பேனா பிடிப்பது, பொத்தான் போடுவது, சோற்றை அள்ளுவது எல்லாம் அவற்றின் தயவு. அந்தச் சிறு தசைகளில் பெரும்பாலானவற்றை ஆள்வது, முழங்கையில் நீங்கள் இடித்துக்கொள்ளும் அதே அல்நார் நரம்பு. முன்கையிலோ அது ஆள்வது ஒன்றரைத் தசைகளை மட்டுமே. ஆகவே அந்த நரம்பு பழுதானால் முன்கையின் பலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். விரல்கள் மட்டும் கொக்கிபோல் வளைந்துவிடும்.

கேள்வி: தொழுநோயில் விரல் மடங்குவதும் குறைந்துபோவதும் சதை அழுகுவதால்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பார்த்தாலும் அப்படித்தானே தெரிகிறது?
(வாசகர், செங்கல்பட்டு)

பதில்: மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது உங்கள் ஊரில்தான். 1947-இல் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை நடத்திவந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்டை அங்கே அழைத்துவந்து காட்டினார். பிராண்ட் கொல்லிமலையில் பிறந்தவர். விரல்கள் வளைந்த நோயாளி ஒருவரின் கைக்குள் தன் கையை வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலித்தது. செத்துப்போனதாக எல்லோரும் கைவிட்ட கைக்குள் இவ்வளவு பலம் எப்படி வந்தது? முன்கைத் தசைகள் உயிரோடு இருந்தன என்பதே விடை. பிறகு, இறந்த ஒரு நோயாளியின் உடலை அதே செங்கல்பட்டில் பரிசோதித்தபோது, நரம்புகள் எல்லா இடத்திலும் கெட்டிருக்கவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டில், முழங்காலருகே என்று தோலை ஒட்டி ஓடும் இடங்களில்தான் வீங்கியிருந்தன. 1873-இல் ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, உடலின் உள்வெப்பத்தைவிடக் குளிர்ச்சியான இடங்களில் நன்கு வளர்வது. தோலுக்கடியில் கிடக்கும் முழங்கை நரம்பு அதற்கு வசதியான இடம். விரல் குறைவதற்கும் அழுகலுக்கும் சம்பந்தமில்லை. உணர்ச்சி போன விரல் சூட்டையும் வெட்டையும் அறியாது. மீண்டும் மீண்டும் காயம்பட்டு, சீழ் பிடித்து, எலும்பு தேய்கிறது. தூங்கும்போது எலி கடித்ததுகூடத் தெரியாதவர்கள் இருந்தார்கள். காயத்தைத் தவிர்த்துப் பாதுகாத்தால் புண் மற்றவர்களைப் போலவே ஆறுகிறது என்பதையும் பிராண்ட் காட்டினார்.

கேள்வி: ஓரிடத்துத் தசையை இன்னோரிடத்தில் மாட்டிக் கையைச் சரிசெய்கிறார்களாமே. எடுத்த இடம் முடமாகாதா? ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றைக் கெடுப்பது என்ன வைத்தியம்?
(வாசகர், கூடுவாஞ்சேரி)

பதில்: நியாயமான சந்தேகம், விடை முன்கையின் அமைப்பிலேயே இருக்கிறது. மணிக்கட்டைப் பின்னால் நிமிர்த்த மூன்று தசைகள் உண்டு. ஒன்றைக் கடன் வாங்கினாலும் மற்ற இரண்டும் அந்த வேலையைச் செய்துவிடும். அந்தத் தசைகளை ஆளும் ரேடியல் நரம்பைத் தொழுநோய் அரிதாகவே தாக்குகிறது. எனவே நோய் விட்டுவைத்த பலத்தை எடுத்து, நோய் பறித்த வேலையில் அமர்த்துகிறார்கள். 1948 முதல் வேலூரில் பிராண்டும் அவர் குழுவும் இத்தகைய அறுவைகளைச் செய்யத் தொடங்கினார்கள். மணிக்கட்டை நிமிர்த்தும் ஒரு தசையின் நாணை ஒட்டு நாணால் நீட்டி, நான்கு கிளைகளாகப் பிரித்து, நான்கு விரல்களிலும் தைக்கும் முறையும் அவற்றில் உருவானது. தசைக்குப் புது வேலையைப் பழக்குவது பிசியோதெரபி. அதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். இதற்கு எல்லையும் உண்டு. மூட்டு இறுகிப்போயிருந்தால் முதலில் அதைத் தளர்த்த வேண்டும். அறுவையால் அசைவு திரும்பும், போன உணர்ச்சி திரும்பாது. சூடான பாத்திரத்துக்கு ஆயுள் முழுக்க எச்சரிக்கை தேவை. ஆனாலும் தன் கையால் அள்ளிச் சாப்பிட முடிகிற ஒருவரிடம் இது என்ன வைத்தியம் என்று கேட்டால், அவர் கையே பதில் சொல்லும்.

கேள்வி: தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று அரசே அறிவித்தாயிற்று. இந்தப் பழங்கதை இன்று யாருக்கு?
(வாசகர், கல்பாக்கம்)

பதில்: 2005 முடிவில் அறிவித்தது, நாடு முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதை. அது பூஜ்யம் அல்ல. இந்தியாவில் இன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சத்தையொட்டிய புதிய நோயாளிகள் கண்டறியப்படுகிறார்கள். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955-இல் தொடங்கிய மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது. கூட்டு மருந்து இலவசம். 6 அல்லது 12 மாதத்தில் நோய் குணமாகும். பெரும்பாலோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. இவ்வளவு இருந்தும், தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற விதியைச் சட்டத்திலிருந்து நீக்க 2019 ஆனது. சட்டம் திருந்தியும் நாம் திருந்தாமல் இருப்பதற்குக் காரணம், வளைந்த விரலை அழுகலின் அடையாளமாகப் பார்ப்பதுதான். அது முழங்கையில் ஒரு நரம்பு பழுதானதன் அடையாளம். அந்தப் பழுது புதிதாக இருக்கும்போதே, சுமார் 6 மாதத்துக்குள் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கினால், பலருக்குச் சரியாகிவிடும். உணர்ச்சியில்லாத தேமல், சுண்டுவிரலில் மரமரப்பு, முழங்கையின் உட்பக்கம் தடித்து வலிக்கும் நரம்பு, இவற்றில் எது தெரிந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்றால் கூட்டிக்கொண்டு போங்கள். பயத்தால் ஒளித்துவைக்கும் ஒவ்வொரு மாதமும், சரிசெய்துவிடக்கூடிய பழுதை நிரந்தரமாக்குகிறது.