தாத்தாவுக்குப் பரிசு, பேரனுக்குக் கேஷ்பேக்

கேஷ்பேக் என்பது கொடுத்த காசில் ஒரு பங்கு கொடுத்தவருக்கே திரும்பி வரும் ஏற்பாடு. '10 சதவீதம்' என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். 'குறைந்தது 5,000 ரூபாய்க்கு வாங்கினால்' என்பது பொடி எழுத்தில். தீபாவளிக்குத் தாத்தாவுக்கு 1,900 ரூபாய் பி.பி. மெஷின் போதும். ஆனால் 5,000-ஐத் தொட வேண்டுமே! 3,100 ரூபாய்க்குக் கால் பிடித்துவிடும் மெஷினும் கூடையில் ஏறும். ஆக, 500 ரூபாயை மிச்சம் பிடிக்க 3,100 ரூபாய் செலவு.

திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகே பெரும்பாலும் பணம் வரும். அதுவரை 'பிடிக்கவில்லை' என்று சொல்லும் உரிமை தாத்தாவுக்குக் கிடையாது. கால் பிடித்துவிடும் மெஷின் அட்டைப்பெட்டியோடு பரண் ஏறும்; அதைச் சுற்றி வந்த காற்றுக் குமிழித் தாளை மட்டும் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பட் பட்டென்று உடைத்துக்கொண்டிருப்பார். அவர் கேட்டது ஒரு டார்ச் லைட். அதற்குச் சலுகை இல்லாததால், அது அடுத்த தீபாவளிக்கு.