கண்ணாடியில் எரியும் மஞ்சள் விளக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காரில் போய்க்கொண்டே வீடியோ காலில் பேசினோமே, அப்போது "கண்ணாடியில என்னடி மஞ்சளா எரியுது?" என்று கேட்டீர்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உங்கள் மாப்பிள்ளை "பிளைண்ட் ஸ்பாட் சென்சார் மாமா!" என்று கத்தினார். "கண்ணாடிய ஒழுங்கா வைக்கத் தெரியாதவனுக்குக் குடுத்த விளக்கா?" என்றீர்கள். அதிலிருந்து மனுஷர் உர்ரென்று இருக்கிறார். போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

பின் பம்பரின் இரண்டு மூலைக்குள்ளும் ரேடார் இருக்கிறது, வெளியே தெரியாது. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் அகப்படாத இடத்தில், தோளுக்குப் பின்னால், பக்கத்து லேனில் வண்டி வந்தால் அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் விளக்கு எரியும். அப்போது இண்டிகேட்டரும் போட்டால் கீ கீ என்று கத்தும். நீங்கள் ஓட்டிய பஸ்ஸில் பின்படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் பார்த்த வேலைதான். இது டீக்கு இறங்காது, அவ்வளவுதான். முதலில் கொண்டுவந்தவன் வால்வோக்காரன். 2000-களின் தொடக்கத்தில் கண்ணாடிக்கு அடியில் கேமரா வைத்தான்.

நீங்கள் சொன்னதிலும் பாதி நியாயம் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி டிரைவர் பக்கக் கண்ணாடி தட்டையாகத்தான் இருக்க வேண்டும். நம் ஊரில் மாமா காரில் இருப்பதுபோல் குவிந்தது கூடாது. தட்டையானதில் தூரம் சரியாகத் தெரியும், அகலம் தெரியாது. 1995-லேயே ஜார்ஜ் பிளாட்சர் என்ற பொறியாளர் கட்டுரை எழுதியிருக்கிறார்: தலையை ஜன்னலோரம் சாய்த்து, சொந்த வண்டியின் விலா லேசாகத் தெரியும்வரை கண்ணாடியை வெளியே தள்ளி வையுங்கள், மறைவிடம் பெரும்பாலும் ஒழியும் என்று. இதை மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். உர் இன்னும் கூடியது.

அவருக்கு விளக்கு சொன்னால் வேதவாக்கு. ஒருநாள் பெருமாள் கோவிலுக்கு ஐ-96 நெடுஞ்சாலையில் போகிறோம். நோவை ரோட்டில் இறங்க வேண்டும். வலதுபக்கம் ஒரு லாரி, எங்கள் வேகத்திலேயே வருகிறது. விளக்கு அணையவில்லை. "கொஞ்சம் பிரேக்கை மிதிச்சா அவன் போயிடுவான்" என்கிறேன். "சிஸ்டம் வேணாங்குது." பெக் ரோடும் போய், விக்ஸம் ரோட்டில் இறங்கித் திரும்பினோம். அர்ச்சனை முடிந்திருந்தது, புளியோதரையும். இதில் "இன்சூரன்ஸ்காரங்க ஆராய்ச்சி நிலையமே சொல்லுது, லேன் மாத்துற விபத்து 14 சதவீதம் குறையுதாம்" என்று பெருமை வேறு. புளியோதரை எத்தனை சதவீதம் குறைகிறது என்று யாரும் ஆராயவில்லை.

பனிக்காலத்தில் உப்புச்சேறு பம்பரை மூடினால் சென்சார் வேலை செய்யவில்லை என்று எழுத்து வரும். உடனே பங்க்கில் நிறுத்தி, என் துப்பட்டாவால் துடைப்பார். நான் இன்னும் கழுத்தைத் திருப்பியும் பார்க்கிற ஆள். விளக்கு, கழுத்து, வீட்டுக்காரர் மூன்றும் சரி என்றால்தான் லேன் மாறுவேன். பின்னால் வருகிறவர்கள் ஏதோ பாட்டி ஓட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் உண்மை அப்பா. இங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை. அடித்தால் திட்டியதாக அர்த்தம். நம் ஊரில் பின்னால் வருகிறவன் தெருவுக்கே கேட்க அறிவித்துவிட்டுத்தானே வருவான்! பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று இந்த ஊரில் எனக்குச் சொல்வது அந்த விளக்கு ஒன்றுதான். எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட இன்னும் தெரியாது.

தம்பி பைக்கில் கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டிருக்கிறானாம், அம்மா சொன்னாள். ஸ்டைலாம். இறக்கி மாட்டச் சொல்லுங்கள். மாட்டாமல் வண்டியை எடுத்தால் சாவியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்