தொட்டி மாற்றிய போன்சாயைச் சீக்கிரம் வழியனுப்புவது எப்படி?

தொட்டி மாற்றிய கையோடு உங்கள் இச்சி மரம் இலைகளை உதிர்க்கத் தொடங்கிவிட்டதா? தாமதிக்காதீர்கள். வேரில் ஒரு பங்கை நீங்கள் வெட்டிவிட்டதால், மிச்ச வேரால் எவ்வளவு இலைக்குத் தண்ணீர் தர முடியுமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிடப் பார்க்கிறது மரம். நிழலில் சும்மா விட்டுவைத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் தானே துளிர்த்துவிடும் அபாயம் உண்டு.

முதலில் மண்ணைக் கவனிப்போம். உடைத்த செங்கல், பருமணல், கொஞ்சம் மட்கிய இலை என்று கலவை சொல்பவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். ஜப்பானில் அகடாமா என்ற களிமண் குருணையைச் சலித்து, தூசியை ஒதுக்கிவிட்டுத்தான் நடுகிறார்கள். தூசிக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தோம்? அதையும் போடுங்கள். இதைவிடச் சிக்கனம், கொல்லைக் களிமண். தரையில் அது நல்ல மண்தான். ஆழமும் மண்புழுவும் அதற்குத் துணை. இரண்டு அங்குலத் தட்டில் அடைத்தால் தண்ணீர் அடியிலேயே நிற்கும், காற்றுப் புக வழியிருக்காது, வேர் அழுகும். "துளைக்கு மேல கூழாங்கல் பரப்பு, எல்லாம் வடிஞ்சிடும்" என்று ஒரு மாமா கட்டாயம் சொல்வார். பரப்புங்கள். நைஸான மண்ணில் பிடித்துக்கொண்ட நீர் சரளைக்குள் லேசில் இறங்காது. ஈரம் தேங்கும் மட்டம் மேலேறி வேருக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும்.

அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, இலை வாடும். வாடினால் தாகம்தானே? இன்னும் ஒரு சொம்பு ஊற்றுங்கள். மண்ணில் மூங்கில் குச்சியைச் செருகி ஈரம் பார்ப்பதெல்லாம் சந்தேகப் பேர்வழிகள் செய்கிற வேலை.

இனி உரம். பாசத்தைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது. டி.ஏ.பி.யில் 18 சதவீதம் தழைச்சத்து, 46 சதவீதம் மணிச்சத்து. யூரியாவில் தழைச்சத்து மட்டுமே 46. வயலுக்குத் தூவுகிற சமாசாரத்தை உள்ளங்கை அகலத் தொட்டியில் ஒரு கரண்டி போடுங்கள். உறிஞ்சும் வேர்நுனிகளைத்தான் கத்தரித்தாயிற்றே, யார் சாப்பிடுவார்கள் என்று கேட்காதீர்கள். சாப்பிட ஆளில்லாவிட்டாலும் உப்பு தன் வேலையைச் செய்யும்: நறுக்கிய மாங்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் விடுவதுபோல, வேரிலிருக்கும் ஈரத்தையும் வெளியே இழுத்துவிடும். இலை ஓரம் பழுப்பாகிக் கருகும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சத்துக் குறைவு சார்" என்பார். உடனே போய் 19:19:19 உரம் வாங்கிவாருங்கள்.

ரசாயனம் ஆகாதா? கடலைப் பிண்ணாக்கை அப்படியே பொடித்து மண்ணில் கலந்துவிடுங்கள். உள்ளேயே புளித்துச் சூடு கிளப்பும், எறும்புக்கும் விருந்து. ஜப்பானியர்களும் பிண்ணாக்குதான் வைக்கிறார்கள். ஆனால் புதுத் துளிர் நன்றாக விரியும்வரை காத்திருந்து, சின்ன உருண்டையாக மண்ணின் மேலே வைக்கிறார்கள். அவ்வளவு பொறுமை நமக்கு எதற்கு? 1945-இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோதும் பிழைத்த யமாகி குடும்பத்துப் பைன் போன்சாய், 1976-இல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போய் இன்னும் வாஷிங்டனில் நலமாக இருக்கிறது. நம் பால்கனிக்கு வந்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி.

மற்றவை சில்லறை வேலைகள். மரத்தைக் கம்பியால் தொட்டியோடு கட்டாதீர்கள்; காற்றில் ஆடினால்தான் புதிதாக விடும் வேர் அறுபடும். மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் வையுங்கள். வேர் பிடித்ததா என்று வாரம் ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறதா? உயிர் இருக்கிறது என்று அர்த்தம். மனம் தளராமல் இன்னொரு தடவை தொட்டி மாற்றுங்கள்.