பதினெட்டில் மறையும் ஆட்டிசம்

ஆட்டிசத்துக்கு மருந்து கண்டுபிடித்தவர்கள் நாம்தான். மருந்தின் பெயர் பதினெட்டாவது பிறந்தநாள். பெங்களூர் வைட்ஃபீல்டின் தெரபி சென்டர் பலகைகளைப் பாருங்கள், பொக்கைவாய் மழலைதான் சிரிக்கும். மீசை வைத்த ஆட்டிசத்தை எந்தப் பலகையிலாவது பார்த்ததுண்டா?

படிப்பும் அப்படித்தான். இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரிக்கும் படிப்புகளில் சிறப்புக் கல்விக்கு பி.எட்., எம்.எட். உண்டு; கைக்குழந்தைகளுக்காக ஏர்லி இன்டர்வென்ஷன் முதுநிலை டிப்ளமோவும் உண்டு. முப்பது வயதுக்காரர் வேலையில் நிலைக்க, வாடகை வீட்டில் தனியே வாழ, பெற்றோர் போன பிறகும் தலைநிமிர்ந்து இருக்க, கூட நிற்பதற்கு ஆள் தயாரிக்கும் முதுநிலைப் படிப்பு? அதற்கு இங்கிலாந்து போங்கள். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் வளர்ந்தவர்களின் ஆட்டிசத்துக்கென்றே பட்டமேற்படிப்பு நடத்தியிருக்கிறது. இங்கே அம்மாதான் பேராசிரியர், அவருக்கு ஓய்வு வயது கிடையாது.

சட்டம் மட்டும் தாராளம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்கியது. அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லோருக்கும் சேர்த்து. ஒற்றை இட்லியை ஐந்தாகப் பிட்டு வைத்துவிட்டு, வாசலில் விருந்து என்று பந்தல் போடும் பெருந்தன்மை!

தனியார் துறையைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2020-க்குள் தன் ஊழியரில் 1 சதவீதம் ஆட்டிசம் உள்ளவர்களாக இருப்பார்கள் என்று மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி. 2013-இல் அறிவித்தது. முன்னோட்டம் நடந்த இடங்களில் பெங்களூரும் ஒன்று. இலக்கு எட்டவில்லை. போகட்டும், முயன்றார்கள். மற்ற கண்ணாடி மாளிகைகளோ ஆட்டிச விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 வந்தால் நீல விளக்கு போடுகின்றன. ஏப்ரல் 3 அன்று இன்டர்வியூவுக்கு வரும் பையனை, “ஐ கான்டாக்ட் இல்லை, டீமுக்குச் செட் ஆகமாட்டார்” என்று எழுதி அனுப்புகிறார் எச்.ஆர். ஐயா, நிரல் எழுதுகிறவர் திரையைப் பார்க்க வேண்டுமா, உங்கள் கண்ணைப் பார்க்க வேண்டுமா?

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்களைச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகத்துக்குச் செலவிடச் சொல்கிறது. சிறப்புக் கல்வியும் மாற்றுத்திறனாளிகளின் தொழிற்பயிற்சியும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. மரக்கன்று நட்டு போட்டோ எடுத்தது போதும். இதே பெங்களூரில் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் இருக்கிறது, பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வளர்ந்தவர்களுக்கென ஒரு முதுநிலைப் படிப்புக்குப் பணம் கட்டுங்கள். பாடத்திட்டக் குழுவில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களை உட்கார வையுங்கள். சால்வை போர்த்தி அனுப்பிவிடாமல் சம்பளம் கொடுங்கள்.