தேனி மாவட்டக் கார்களில் சக்கரம் துருத்தல்: ஓர் அகப்புற ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

சின்னமனூர்ச் செப்பேடுகளுக்கு ஆய்வு உண்டு. முல்லைப் பெரியாறு பாசனத்துக்கு உண்டு. போடி ஏலக்காய்க்கும் கம்பம் பன்னீர் திராட்சைக்கும்கூட அறிஞர்கள் கண்பார்வையைச் செலவிட்டிருக்கிறார்கள். ஆனால் வீரபாண்டியிலிருந்து லோயர் கேம்ப் வரை நெடுஞ்சாலையில் ஓடும் கார்களில் சக்கரம் மட்கார்டைத் தாண்டி எத்தனை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறது, எதற்காக நிற்கிறது என்பதை ஆராய ஒருவரும் முன்வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே இடைவெளி என்றது ஆய்வு இடைவெளியை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி பின்னால் வரும். சில வண்டிகளில் வராமலே போகும்.

கருதுகோள்: ஒரு காரின் ஆஃப்செட்டை (விளக்கம் மூன்றாம் பகுதியில்) தீர்மானிப்பது கார் அல்ல, அந்தக் கார் வந்து நிற்கும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் மச்சான்மாரே.

2. ஆய்வு எல்லை

டி.என். 60 என்று தொடங்கும் பதிவெண்கள் மட்டும் கொள்ளப்பட்டன. உத்தமபாளையத்தின் இசட் எழுத்தும் இதில் அடங்கும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்கு இரண்டு கதவு, தரையை ஒட்டிய உடம்பு என்று வெளியூரில் இலக்கணம் சொல்வார்கள். அத்தகைய ஒன்று மூணாறு போகிற வழியில் தேனியில் பெட்ரோல் போட நிற்பது உண்டு. கூட்டம் கூடும், படம் எடுக்கும், வண்டி போய்விடும். அது விருந்தாளி, ஆய்வுப் பொருள் ஆகாது. இந்த மண்ணின் ஸ்போர்ட்ஸ் கார் வேறு: தவணை முடியாத ஸ்விஃப்ட் அல்லது மூன்று கை மாறிய போலோ, பின்னால் ஒரு ஸ்பாய்லர், முன்கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயர். ஓட்டுபவர் மனத்தில் அது ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அது ஸ்போர்ட்ஸ் கார்தான். இவ்வாய்வு அகச்சான்றை ஏற்கிறது.

3. கலைச்சொல் விளக்கம்

சக்கரத்தைக் கழற்றிக் கவிழ்த்துப் போடுக. அதன் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு இருப்பதாகக் கொள்க. சக்கரம் ஹப்பில் போய் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அத்தனை மில்லிமீட்டர் ஆஃப்செட். முகம் கோட்டிலேயே இருந்தால் பூஜ்யம். தெருவைப் பார்த்த பக்கம் தள்ளியிருந்தால் பாசிட்டிவ். சக்கரம் வண்டிக்குள் அடங்கி நிற்கும். என்ஜினைப் பார்த்த பக்கம் தள்ளியிருந்தால் நெகட்டிவ். சக்கரம் தெருவுக்கு வரும். இந்த எண்ணை 'ஈடி' என்ற இரண்டு எழுத்துகளோடு சக்கரத்தின் முதுகில் வார்த்திருப்பார்கள். முதுகில் வார்த்ததால் யாரும் படிப்பதில்லை.

கணக்கு எளிது. பழைய சக்கரம் 6 இஞ்ச் அகலம், ஈடி 45. புதியது 7 இஞ்ச், ஈடி 35. கூடிய 1 இஞ்சில் பாதி 12.7 மில்லிமீட்டர் வெளிப்பக்கம் போகும். ஆஃப்செட் குறைந்ததால் இன்னும் 10 போகும். ஆக வெளிவிளிம்பு 22.7 மில்லிமீட்டர் தெருப்பக்கம் நகர்கிறது, உள்விளிம்போ 2.7 மட்டுமே உள்ளே போகிறது. "ஒரு இஞ்ச்தானண்ணே கூடுது" என்று கடைக்காரர் சொல்வது பொய்யல்ல. அந்த இஞ்ச் பெரும்பாலும் எந்தப் பக்கம் கூடுகிறது என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவே.

4. திணைப் பகுப்பு

தமிழ் மரபு வாழ்வையே அகம், புறம் என்று பகுத்துவிட்டது. சக்கரத்துக்கு வேறு பகுப்பு தேவையில்லை.

அகத்திணை: மட்கார்டுக்குள் அடங்கிய சக்கரம். கம்பெனி கொடுத்தபடி இருப்பது. இதை வைத்திருப்பவர் பெயரைச் சுட்டுவது மரபில்லை, யாரும் கேட்பதுமில்லை.

புறத்திணை: வெளியே வந்து நின்று ஊரை அழைக்கும் சக்கரம். வீரம், கொடை, புகழ் மூன்றும் இதன் பாடுபொருள். கொடை என்பது டயர் கடைக்குக் கொடுப்பது.

கைக்கிளை: ஒருதலைக் காதல். போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டத்தை பிசிடி என்பார்கள். ஸ்விஃப்டுக்கு 4 துளை, 100 மில்லிமீட்டர். போலோவுக்கு 5 துளை, அதே 100. போலோவில் கண்ட அலாய் சக்கரத்தின்மீது ஸ்விஃப்ட்காரர் கொள்ளும் ஆசை இந்தத் திணையின்பாற்படும். துளை எண்ணிக்கையே ஒத்து வராது. எனினும் கடைவாசலில் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பெருந்திணை: பொருந்தாக் காமம். ஸ்பேசர் வைத்து, நீள போல்ட் போட்டு, மட்கார்டு விளிம்பை உள்ளே மடக்கி நடத்தி வைக்கும் கல்யாணம். நடுத்துளையும் இதில் சேரும். ஸ்விஃப்டின் ஹப் 54.1 மில்லிமீட்டர், கடையில் தொங்கும் அலாய் பலவற்றில் நடுத்துளை 73.1, எல்லா வண்டிக்கும் போகட்டும் என்று. மிச்சமுள்ள 19 மில்லிமீட்டருக்கு ஹப் ரிங் போட வேண்டும். போடாவிட்டால் சக்கரத்தை நடுவில் நிறுத்தும் பொறுப்பு முழுவதும் நட்டுகளின் தலையில் விழும். கொஞ்சம் கோணி உட்கார்ந்தாலும் வேகம் ஏற ஏற ஸ்டீயரிங் நடுங்கும். வீல் பேலன்ஸிங் எத்தனை முறை செய்தாலும் அந்த நடுக்கம் போகாது.

5. முந்தைய முயற்சிகள்

அகலப்படுத்தும் ஆசை இளைஞர்களின் கண்டுபிடிப்பு அன்று. இந்திய ரயில்வே இதே தேனி மாவட்டத்தில் இதைச் செய்திருக்கிறது. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர். 2010 முடிவில் ரயிலை நிறுத்தினார்கள். அகலப் பாதையாக, 1,676 மில்லிமீட்டரில், தேனிக்கு ரயில் திரும்பியது 2022இல், போடிக்கு 2023இல். ஒரு பக்கத்துக்கு 338 மில்லிமீட்டர் வெளியே! மாவட்டத்தில் எந்தத் தம்பியும் இந்தச் சாதனையை நெருங்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் சக்கரத்தை மட்டும் தள்ளி வைக்கவில்லை. தண்டவாளம், பாலம், பெட்டி எல்லாவற்றையும் மாற்றினார்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையையே உடைத்து வழியை அகலமாக்கினார்கள். மட்கார்டு மடக்குவதன் ரயில்வே வடிவம் அது. அதற்கே பன்னிரண்டு ஆண்டு பிடித்தது. நம் ஆள் சனிக்கிழமை சாயங்காலம் போய் ஒரு மணி நேரத்தில் முடித்து வந்துவிடுகிறார்.

ஜெர்மனிக்காரர்களும் இவ்விதியை மீறவில்லை. போர்ஷே நிறுவனம் 1975இல் 911 டர்போவைக் கொண்டுவந்தபோது அகலச் சக்கரம் வைத்தது. கூடவே அதை மூடும் அளவுக்கு மட்கார்டுகளையும் புடைக்க வைத்தது. அந்தப் புடைப்பைத்தான் நம் ஊரில் ரசிக்கிறார்கள். சக்கரம் அதற்கு உள்ளே இருப்பதை ரசிப்பதில்லை.

மூன்றாவது முன்னோடி மாட்டுவண்டிப் பந்தயம். இப்பகுதியில் தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று தரம் பிரித்துத்தான் வண்டியை விடுவார்கள். தேன்சிட்டை யாரும் பெரியமாட்டோடு பூட்டுவதில்லை. பூட்டினால் விழாக் கமிட்டி விரட்டிவிடும். அலாய் கடையில் அந்தக் கமிட்டி இல்லை. தேன்சிட்டுக் காருக்குப் பெரியமாட்டுச் சக்கரத்தைக் கேட்டால், எடுத்து மாட்டி, வாழ்த்தியும் அனுப்பி வைப்பார்கள்.

6. கள ஆய்வு

கடைவாசலில் வண்டி காலியாக இருக்கும். சக்கரம் நேராக இருக்கும். அந்த நிலையில் எந்த ஆஃப்செட்டும் பொருந்தும். "பாருங்கண்ணே, எங்கயாச்சும் தொடுதா?" என்று கேட்டு விரலை நுழைத்துக் காட்டுவார்கள். விரல் நுழையும். முறையியல் நோக்கில் இந்தச் சோதனை செல்லாது.

செல்லத்தக்க சோதனைக்கூடம் போடிமெட்டு மலைப்பாதை. 17 கொண்டை ஊசி வளைவுகள் அங்கே உள்ளன. பின்சீட்டில் மூன்று மச்சான்மாரை ஏற்றுக. டிக்கியில் சாமான் வைக்க. வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முன்சக்கரத்தின் மூலை மட்கார்டு உள்பூச்சைத் தேடிப் போகும். அதே நேரம் பள்ளத்தில் இறங்கினால் பாரத்தில் பின்பக்கம் அமுங்கி, மட்கார்டு விளிம்பு டயர்மேல் வந்து உட்காரும். வேகத்தடை ஏதும் கிடைத்தால் முடிவு இன்னும் விரைவில் வெளியாகும். சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறுபவர்களுக்கு 18 வளைவுகள். அவற்றுக்குப் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகவே டயர் எங்கே உரசியது என்பதைக் கவித்துவமாகப் பதிவு செய்யும் வசதி உண்டு.

ஆய்வுக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. உரசல் சத்தம் கேட்க வேண்டிய இடங்களில் எல்லாம் பண்ணைப்புரம் தந்த இளையராஜாவின் பாட்டு முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டை நிறுத்தச் சொல்லும் துணிவு எந்த ஆய்வாளருக்கும் இல்லை.

7. கண்டறிந்தவை

அ. ஸ்டீயரிங் திரும்பும் அச்சை நீட்டினால் தரையில் ஓரிடத்தில் தொடும். அந்த இடத்துக்கும் டயர் தரையை மிதிக்கும் பட்டையின் நடுவுக்கும் உள்ள தூரத்தை நிறுவனம் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறது. ஆஃப்செட்டை 10 குறைத்தால் அந்தத் தூரமும் 10 மாறும். விளைவு: குழியில் ஒரு சக்கரம் விழுந்தால் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும், பிரேக் பிடிக்கையில் ஒரு பக்கம் இழுக்கப் பார்க்கும். "ரோடு சரியில்ல மாப்ள" என்று ஓட்டுபவர் விளக்கம் தருவார். ரோடு போன மாதமும் அப்படித்தான் இருந்தது.

ஆ. பாரம் ஹப்பைவிட்டு வெளியே போகப் போக வீல் பேரிங் கூடுதல் முறுக்கைத் தாங்க வேண்டும். பேரிங் முதலில் முனகும், பிறகு ஊளையிடும். இதற்கும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதே வழக்கிலுள்ள மருத்துவம்.

இ. மழைக்காலத்தில் மட்கார்டுக்கு வெளியே நிற்கும் டயர் சேற்றைக் கதவின் மேலும், அருகே வரும் டூவீலர்காரர் மேலும் தெளிக்கும். மட்கார்டு என்ற உறுப்பு எதற்காக இருந்தது என்பது அப்போது விளங்கும்.

ஈ. "லைட்டா டச் ஆகும் தம்பி, ஓட ஓடச் சரியாயிரும்" என்னும் வழக்காறு பள்ளத்தாக்கு முழுவதும் பரவியுள்ளது. இவ்வாய்வு அதை உறுதி செய்கிறது. ஓட ஓடச் சரியாவது டயர், தேய்ந்து சரியாகிறது.

8. சட்ட நோக்கு

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அமைப்போடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. ஒவ்வொன்றுக்கும் என்ற சொல்லைக் காரில் சக்கரம் நான்கு என்பதோடு சேர்த்துப் படித்தால் தூக்கம் வராது. குமுளி மேட்டுக்கு அந்தப் பக்கம் அந்த வழக்கு பிறந்த கேரளம். ஆகையால் லோயர் கேம்பைத் தாண்டும்போது சில கார்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்க்கின்றன. கார் தொப்பையை இழுக்கலாம். சக்கரத்தை இழுக்க முடியாது.

விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதே ஆய்வைத் தன் செலவில் மேற்கொள்ளும். அவர்கள் சக்கரத்தின் முதுகைப் படிப்பார்கள்.

9. மறுப்புக்கு மறுப்பு

"எஸ்டேட் ஜீப் எல்லாம் வெளிய தள்ளின டயரோடதான ஓடுது?" என்று கேட்பார்கள். விடியலில் கம்பத்திலும் போடியிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் ஜீப்பின் பிழைப்பு வேறு. சேற்றில் கால் அகட்டி நிற்பது அதற்கு வேலை. டீக்கடைமுன் கால் அகட்டி நிற்பது வேலையாகாது. மேலும் அந்த ஜீப்காரருக்கு பேரிங் எப்போது போகும் என்று தெரியும், மாற்றவும் தெரியும்.

10. பரிந்துரைகளும் முடிவும்

அலாயே கூடாது என்பது இவ்வாய்வின் கட்சி அன்று. அளவு தெரிந்து போட்டால் அழகும் உண்டு, தொந்தரவும் இல்லை. காசு கொடுக்குமுன் ஐந்தைப் பார்க்க: பிசிடி, நடுத்துளை, அகலம், ஈடி, சக்கரம் தாங்கும் பாரம். பழைய சக்கரத்தின் ஈடியைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போக. புதியது சில மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் வேண்டாம் என்று சொல்லத் துணிக. டயரின் வெளிச்சுற்றும் பழையபடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். மாட்டியபின் மூன்று மச்சான்மாரோடு ஒரு முறை போடிமெட்டு ஏறி இறங்கி, பாட்டை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்க.

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. துருத்திய சக்கரங்கள் எல்லாம் யாரோ பார்ப்பதற்காகத் துருத்தியவையே. ஆனால் சக்கரம் தனியாக நகர்வதில்லை. நகர்த்தினால் பேரிங், ஸ்டீயரிங், மட்கார்டு, பதிவுச் சான்று என்று எல்லாம் கூடவே நகர வேண்டியிருக்கிறது. ரயில்வேக்குத் தெரிந்த இந்த உண்மை நமக்கும் தெரிந்திருக்கலாம். எனவே தம்பிமாருக்கு ஒரே வேண்டுகோள்: கெத்து மட்கார்டுக்கு உள்ளேயே இருக்கட்டும்.