இறங்காமல் ஆழம் பார்ப்பவர்

வெள்ளானூரிலிருந்து கடல் இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. பக்கத்தில் பெரிய தண்ணீர் என்றால் புழல் ஏரிதான். அது சென்னை குடிக்கிற தண்ணீர், காலைக்கூட நனைக்க விடமாட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் டூல்ரூம் சார் பதினொரு மாதமாக ஆழ்கடலுக்கு ஏற்ற கத்தியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

சார் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், "அப்பா, பாண்டிச்சேரில ஸ்கூபா போலாமா?" என்று போனில் வாய்தவறிக் கேட்டுவிட்டாள். போவது என்று அரை நிமிடத்தில் முடிவானது. எந்தக் கத்தியோடு போவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. இந்த ரகத்து ஆட்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். கொடைக்கானல் போக ஸ்வெட்டர் விசாரிப்பார்கள். கம்பளி பற்றி எல்லாம் தெரிந்து முடிப்பதற்குள் சீசன் முடிந்திருக்கும். அதற்காக அவர்கள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

"சுறாவைக் குத்தவா சார்?" என்று தெரியாமல் கேட்டேன். உட்கார வைத்துவிட்டார்.

"எல்லாம் சினிமா பண்ண வேலை தம்பி. 1965ல நம்ம ஆவடில மொதல் விஜயந்தா டேங்க் வெளிய வந்துச்சு பாரு, அதே வருஷக் கடைசிலதான் 'தண்டர்பால்' படமும் வந்துச்சு. தண்ணிக்கு அடியில ஆளாளுக்கு மூச்சுக்குழாய அறுத்துக்குவான். அதப் பார்த்துட்டு எல்லாரும் கால்ல பெரிய கத்தியக் கட்டிக்கிட்டான். நிஜத்துல எதிரி சுறா இல்ல, அறுந்து கெடக்குற வலை. தங்கூசி சுத்திக்கிச்சுன்னா கண்ணுக்கே தெரியாது. சிக்குனதே காலுன்னா, கால்ல கட்டுன கத்தி எப்படி எட்டும்? மார்ல இருக்கணும். எந்தக் கையால இழுத்தாலும் வரணும்."

கூர்முனை கூடாது, பதற்றத்தில் தன்னையே குத்திக்கொள்வோம். முனை மொட்டையாக இருக்கவேண்டும். தடிக்கயிறுக்கு ரம்பப் பல், மெல்லிய நரம்புக்கு வழவழப்பான விளிம்பு. அடுத்து உலோகத்துக்கு வந்தார். 304 எஸ்.எஸ். துருவுக்கு அசையாது, ஆனால் சூடுபடுத்திக் கடினமாக்க முடியாது, கூர் நிற்காது. கூர் நிற்கிற 440ஐ உப்புத் தண்ணீரில் விட்டுவிட்டால் புள்ளி புள்ளியாகத் துரு. டைட்டானியம் துருவே பிடிக்காது, விலைதான் பிடிக்கும். கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் கலந்த எச்-1 என்ற எஃகைப் பற்றிச் சொல்லும்போது, பேரனைப் பற்றிப் பேசுகிற குரல் வந்துவிட்டது.

மொட்டைமாடியில்தான் சோதனை. இருபது லிட்டர் வாளி, லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் வீதம் எழுநூறு கிராம் உப்பு, நிறுத்துப் போட்டது. "ஏங்க, மாசம் ஒரு கிலோ வாங்குற வீட்ல இது என்னங்க அநியாயம்" என்று கீழிருந்து சாரின் மனைவி குரல். கண்ணைத் துண்டால் கட்டி, தோட்டத்துக் கையுறையை மாட்டி, முழங்கை வரை வாளிக்குள் விட்டு, தங்கூசி, நைலான் கயிறு, கிழிந்த வலை என ஒவ்வொன்றாக அறுக்கிறார். நான் ஸ்டாப்வாட்ச். மூன்று கத்தி, ஒரு குத்துமதிப்பான வெற்றி.

அந்த வெற்றியையும் மீன்கார அக்கா கெடுத்தார். சங்கராவின் செதிலைச் சீவிவிட்டு, துடுப்பைக் கத்திரியால் நறுக் நறுக்கென்று வெட்டிக்கொண்டே, "சிக்குன கயித்த அறுக்க எதுக்கு சார் கத்தி? இது போதாதா?" என்றார். சார் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு விசாரித்ததில், ஆம்புலன்ஸில் துணி வெட்டுகிற மழுங்குமுனைக் கத்திரியைத்தான் பல முக்குளிப்பவர்கள் இப்போது வைத்திருக்கிறார்களாம். சில நூறு ரூபாய்தான். மலிவாக இருந்தது அவரை மிகவும் புண்படுத்தியது.

தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். மேலே கயிற்றைப் பிடிப்பது மச்சானாக இருக்கவேண்டும் என்பார்கள். அக்காள் தாலிக்கு அவன்தானே பொறுப்பு. இதைச் சாரிடம் சொன்னேன். அவருக்கும் மச்சானுக்கும் பூந்தமல்லி மனை விஷயமாகப் பேச்சுவார்த்தை இல்லை. டைட்டானியமே தேவலை என்றார்.

பாண்டிச்சேரிக்கு ஒருவழியாகப் போன் செய்தார். முதல் தடவை வருகிறவர்களைப் பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே கொண்டுபோக மாட்டோம், பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு வருவார், உங்களுக்குக் கத்தியெல்லாம் எதற்கு என்றார்களாம். போனை வைத்துவிட்டு, "பொறுப்பில்லாத பசங்க" என்றார்.

போன ஞாயிறு மாடியில் ஒரு புறா, கேபிள் ஒயரில் மாஞ்சா நூல் சுற்றித் தலைகீழாகத் தொங்கியது. தடை போட்டும் இந்த நூல் ஓயவில்லை. சார் மார்புப் பையிலிருந்து ஒரு சின்ன சாமானை இழுத்தார். விரல் நுழையாத பிளவுக்குள் பிளேடு ஒளிந்திருக்கும். நூல் மட்டும்தான் உள்ளே போகும். இடது கையில் புறா, வலது கையில் கருவி. காலைச் சுற்றியிருந்த கடைசிச் சுற்று வரை சதையில் படாமல் வெட்டினார். பறவை அவர் சட்டையை அசிங்கப்படுத்திவிட்டுப் பறந்தது.

முக்குளிப்பவர்கள் எழுதிவைக்கும் பதிவேட்டை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார். சட்டையைக்கூட மாற்றாமல் முதல் பக்கத்தைத் திறந்து நிதானமாக எழுதினார். இடம்: வெள்ளானூர். நேரம்: நான்கு நிமிடம். ஆழம் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, அடித்துவிட்டு, உயரம் என்று திருத்தி, இருபத்து நாலு அடி என்று போட்டார்.