பாரிஸ் சட்டையும் என் கூறையும்

போன குளிர்காலத்தில் என் பெறாமகளுக்கு ஒருநாள் வேலை கிடைத்தது. ஒஸ்லோ ஒப்பரா மாளிகையின் வெள்ளைச் சலவைக்கல் கூரையில் நின்று, பாரிஸிலிருந்து படம்பிடிக்க வந்த ஒரு நீளச் சட்டைக்குக் குடை பிடிக்க வேண்டும். சட்டைக்குத்தான். அதை உடுத்தியிருந்த பிள்ளை நடுங்கிக்கொண்டு நின்றதாம்.

"சித்தி, அந்தச் சட்டைக்குத் தனிக் கடவுச்சீட்டு இருக்கு!"

பகிடி என்று நினைத்தேன். உண்மைதான். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே நிற்கிற நாடு. படப்பிடிப்புக்கு வரும் உடுப்பு 'ஏ.டி.ஏ. கார்னே' என்ற பத்திரத்தோடு வந்தால், சுங்கத்தில் முத்திரை குத்தி வரியில்லாமல் உள்ளே விடுவார்கள். போகும்போது இன்னொரு முத்திரை. மிஞ்சிப்போனால் ஒரு வருடம். அதற்குமேல் தங்கினால் வரிக் கணக்குத் தொடங்கிவிடும். இங்கே பெறுமதி சேர் வரி மட்டுமே 25 வீதம். நான் ஒற்றைப் பெட்டியோடு வந்திறங்கி முப்பத்தைந்து வருடம். வெளியே போகும் முத்திரை எங்கே என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

"படம் எடுத்து முடிய அந்தப் பிள்ளைக்கே குடுத்துவிடுவினமோ?" என்று கேட்டேன். சிரித்தாள். அது 'ஓட் கூத்தூர்' எனும் உயர்தரத் தையல்; 1945 முதல் பிரான்சில் சட்டக் காப்புள்ள பெயர். நினைத்த தையல்காரர் எல்லாம் பலகையில் எழுதிவிட முடியாது. மேடையில் காட்டிய சட்டை தைத்த நிறுவனத்துக்கே சொந்தம். பத்திரிகைகள் இரவல் வாங்கிப் படம்பிடித்துத் திருப்பிவிடும். உறையில் போட்டு அனுப்பினால் அடுத்த ஊர், அடுத்த பத்திரிகை. பருவம் முடிந்தால் அந்த நிறுவனத்தின் காப்பகம். சிலது ஏலம், சிலது அருங்காட்சியகம். பணக்கார வாடிக்கையாளருக்கோ அவர் அளவில் புதிதாகத் தைப்பார்கள். மேடை அழகிக்குத் தைத்தது படம்பிடிக்க வந்த பிள்ளைக்குப் பொருந்தாவிட்டால் முதுகுப்பக்கம் கிளிப்புகளால் இழுத்துப் பிடிப்பார்களாம். முன்பக்கம் அரசி, பின்பக்கம் உடுப்புக் கொடி! எனக்கு இதில் ஆச்சரியமில்லை. என் கலியாணத்தன்று கூறைச் சேலைக்குள் இருந்த ஊசிகளை எண்ணியிருந்தால் தாலியை மறந்திருப்பேன்.

அருங்காட்சியகத்துக்குப் போன உடுப்பின் கதியையும் பார்த்தேன். 2022 ஜூனில் திறந்த ஒஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில், 1938இல் இறந்த நோர்வே அரசி மௌட்டின் உடைகள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. இடுப்பு பதினெட்டு அங்குலமாம். எங்கள் வீட்டுச் சோற்றுப்பானையின் கழுத்து அதைவிட அகலம். 1939இல் ஒஸ்லோவில் பிறந்து, 1977இல் பாரிஸில் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கிய பெர் ஸ்பூக் தைத்தவையும் இதே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உண்டு. துணி வெளிறும் என்று விளக்கை மங்கலாக வைத்திருக்கிறார்கள். அமிலமில்லாத தாளை மடிப்புக்குள் சுருட்டி வைத்தால் துணி மடிப்போடு கிழியாது. பூச்சி என்று சந்தேகம் வந்தால் உறைய வைப்பார்கள். அம்மா இதையெல்லாம் படிக்காமலே செய்தாள். கூறையை வெள்ளை வேட்டித்துணியில் சுற்றி, வேப்பிலை போட்டு, அடிக்கடி மடிப்பை மாற்றுவாள். பூச்சி உருண்டையைக் கண்டால் சரிகை கறுத்துப்போகும் என்று சத்தம் போடுவாள்.

உறைய வைப்பது மட்டும் அம்மாவுக்குத் தெரியாது. ஆகவே நான் முயன்றேன். கூறையைப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி உறைபெட்டியில் முருங்கைக்காய்க்கும் அறக்குளா மீனுக்கும் நடுவே வைத்தேன். மூன்றாம் நாள் இவர் குழம்புக்கு மீன் என்று எடுத்து வெளியே வைத்துவிட்டார். பூச்சி செத்ததோ தெரியாது. கூறை ஒரு கிழமை கரையோர மணத்தோடு பல்கனியில் காய்ந்தது.

போன மாதம் என் மகள் விகலாண்ட் பூங்காவில் படம் எடுக்க அதே கூறையை இரவல் கேட்டாள். நானும் ஒரு கார்னே எழுதினேன்: கூறை 1, சட்டை 1, ஊசி 32. கையெழுத்து வாங்கித்தான் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வந்துவிட்டது.

ஊசி மட்டும் 29.